குமுளிக்கு வெள்ளைக்காரர் ஏன் வர வேண்டும்? நாட்டின் சுற்றுலாப் போட்டித்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரத்தில் அறை விடுபவர்கள், ஜீப் ஓட்டுபவர்கள், ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். சுற்றுலா மேலாண்மை படிக்கும் பிள்ளைகள் பாடத்துக்காகக் கேட்பதும் இதில் உண்டு. எனக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள கம்பம்; பிழைப்பு மலைமேல் கேரள எல்லையில், தேக்கடி ஏரிக்குப் பக்கத்தில் உள்ள குமுளியில் ஒரு சின்ன ஹோம்ஸ்டே. ஆகவே என் பார்வை இந்த மலை ரோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் வருவது.

போட்டித்திறன் என்றால் என்ன? நம்மிடம் காடு இருக்கிறது, ஏரி இருக்கிறது, போதாதா?

போதாது. இங்கிலாந்தில் ஒரு தம்பதிக்கு ஜனவரியில் இரண்டு வாரம் லீவு. கையில் இவ்வளவுதான் பணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் தேக்கடியையும் மூணாறையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கேரளாவா, இலங்கையா, வியட்நாமா, தாய்லாந்தா என்றுதான் பேசுகிறார்கள். நான்கு இடத்திலும் மலை, தேயிலை, யானை, கடற்கரை எல்லாம் இருக்கிறது. அப்படியிருக்க அவர்களை இங்கே வரவைப்பது, வந்தவர்களை நாலு நாள் தங்கவைப்பது, செலவு செய்யவைப்பது, ஊருக்குப் போய் நல்லதாகச் சொல்லவைப்பது, இதையெல்லாம் காட்டையும் ஊரையும் கெடுக்காமல் வருஷா வருஷம் செய்வது: இதற்கான திறனைத்தான் போட்டித்திறன் என்கிறோம். அதனால் குமுளி லாட்ஜ்காரருக்குப் பக்கத்து லாட்ஜ்காரர் போட்டியே இல்லை. இலங்கையில் எல்ல, கண்டி போன்ற ஊர்களில் அறை விடுகிறாரே, அவர்தான் போட்டி.

இதை யார் அளக்கிறார்கள்? இந்தியா எத்தனையாவது இடம்?

உலகப் பொருளாதார மன்றம் 2007 முதல் பட்டியல் போடுகிறது. 2019 பட்டியலில் 140 நாடுகளில் இந்தியா 34-ஆவது. அப்புறம் கணக்குப் போடும் முறையையும் பட்டியலின் பெயரையும் மாற்றினார்கள். 2024-இல் 119 நாடுகளில் 39-ஆவது. முறை மாறிவிட்டதால் "ஐந்து இடம் சறுக்கிவிட்டோம்" என்று மேடையில் பேசுவது சரியான ஒப்பீடு ஆகாது. 2024-இல் முதல் மூன்று இடங்கள் அமெரிக்கா, ஸ்பெயின், ஜப்பான்.

மொத்த இடத்தைவிட உள்ளே இருக்கும் விவரம்தான் நமக்கு வேண்டியது. இயற்கை வளத்தில் இந்தியா உலகில் 6-ஆவது, பண்பாட்டு வளத்தில் 9-ஆவது, விலை மலிவில் 18-ஆவது. இவ்வளவு முன்னால் இருந்தும் மொத்தத்தில் 39-க்கு வந்து நிற்கிறோம் என்றால், மீதி விஷயங்கள் எவ்வளவு பின்னால் இழுக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் கொடுத்ததிலும் முன்னோர் கட்டியதிலும் மார்க் வாங்குகிறோம். நாம் செய்ய வேண்டியதில் கோட்டை விடுகிறோம்.

உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்?

2019-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டில் தாய்லாந்துக்குப் போனவர்கள் 4 கோடிக்குச் சற்றுக் குறைவு. 2024-இல் தாய்லாந்துக்கு ஏறக்குறைய 3.55 கோடி, வியட்நாமுக்கு 1.75 கோடி, இலங்கைக்கு 20 லட்சத்துக்குச் சற்று மேல். இந்தியா 2019 அளவை அப்போதும் தாண்டவில்லை.

கேரளக் கணக்கு இன்னும் கண்ணைத் திறக்கும். 2019-இல் 11.9 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள், 2024-இல் 7.4 லட்சம்தான். அதே காலத்தில் உள்நாட்டுப் பயணிகள் 1.84 கோடியிலிருந்து 2.22 கோடிக்கு ஏறிவிட்டார்கள். குமுளியில் கடை வைத்திருப்பவர் "கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனா டாலரைக் காணோம்" என்று சொன்னால் அது புலம்பல் இல்லை, புள்ளிவிவரம்.

தமிழ்நாட்டுக்கே 68 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள் என்று படித்தேனே?

படித்தது சரிதான், 2019 கணக்கு அது. ஆனால் மாநிலங்கள் எண்ணுவது வேறு விதம். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தும்போது ஒரு ஆள் ஒரு தடவைதான் கணக்கில் வருவார். அதே ஆள் மாமல்லபுரம், மதுரை, தேக்கடி, கொச்சி என்று சுற்றினால் தமிழ்நாடும் எண்ணும், கேரளாவும் எண்ணும். இப்படி மாநிலக் கணக்குகளைக் கூட்டினால் 2019-க்கு 3.14 கோடி வருகிறது. நாட்டுக்குள் வந்ததோ 1.09 கோடி. அந்த 1.09 கோடியிலும் முதலிடம் வங்கதேசத்துக்கு. மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் வருபவர்கள் அவர்களில் நிறைய. எல்லோரும் படகு சவாரிக்கு வருபவர்கள் அல்ல.

நம்ம ஊர்க் கூட்டமே அலைமோதுகிறது. வெளிநாட்டவர் எதற்கு?

நியாயமான கேள்வி. 2020-க்குப் பிறகு இந்த மலையில் அடுப்பு எரிந்ததே உள்நாட்டுக் கூட்டத்தால்தான். அதை அடித்தளம் என்று ஒப்புக்கொள்ளாத திட்டம் எதுவும் உருப்படாது.

ஆனால் நம் ஆட்கள் சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு மதியம் இறங்குகிறார்கள். தீபாவளி, பொங்கல், ஓணம், மே மாதம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசை மலையடிவாரம் வரைக்கும் நிற்கும், போலீஸ் ஒருவழிப் பாதை போடும். செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ வந்து பார்த்தால் ஊர் காலி. வெளிநாட்டவர் கிழமை பார்த்து வருவதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வார நாட்களையும் நிரப்புகிறார்கள். குமுளிக் கடையில் நின்று ஒரு ஜெர்மன்காரர் கால் கிலோ ஏலக்காய் வாங்கினால், துறைமுகமும் கப்பலும் இல்லாமல் நடந்த ஏற்றுமதி அது. 2019-இல் நாடு முழுக்க இப்படி வந்த அந்நியச் செலாவணி சுமார் 3,000 கோடி டாலர்.

விலையைக் குறைத்தால் வந்துவிட மாட்டார்களா?

இலங்கையைப் பாருங்கள். 2022-இல் அவர்கள் ரூபாய் சரிந்தது. ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது 360 வரை போனது. டாலரோடு வருபவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபாய். வந்தார்களா? அந்த வருஷம் 7.2 லட்சம் பேர்தான். பெட்ரோல் வரிசையும் மின்வெட்டும் இருக்கும் இடத்துக்கு யார் விடுமுறைக்கு வருவார்கள்? நிலைமை சீரானதும், 2023-இல் கிட்டத்தட்ட 15 லட்சம், 2024-இல் 20 லட்சத்துக்கு மேல். மலிவு என்பது இரண்டாவது கேள்வி. நிம்மதியாகப் போய்வர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்காக விலை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. அதற்கு மேலே 18. நம்மைப் போன்ற சின்ன இடங்களுக்கு இது நல்ல சேதி. இன்னொரு பக்கம், மாமல்லபுரச் சின்னங்களைப் பார்க்க நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நம் வரிப்பணத்தில் பராமரிக்கிறோம், நமக்குக் குறைவு என்ற வாதம் சரிதான். ஆனால் கவுண்டரில் இரண்டு விலைப்பட்டியலையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஆள், வெளியே இளநீர் வாங்கும்போதும் "எனக்கு மட்டும் என்ன விலையோ" என்ற சந்தேகத்தோடுதான் வாங்குவார். ஆட்டோவிலும் அதே சந்தேகம். அறுநூறு ரூபாய் அவருக்குப் பெரிய பணமே இல்லை. சந்தேகம்தான் பெரிய செலவு.

விசா பிரச்சினை இன்னும் இருக்கிறதா?

நிறையக் குறைந்திருக்கிறது. 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு இணையவழி அனுமதி தொடங்கியது. இன்று 160-க்கு மேற்பட்ட நாட்டவர் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம்தான் இன்னும் நீளம்: பெற்றோர் பெயர், மதம், பத்து வருஷத்தில் போன நாடுகள் என்று கேட்டுக்கொண்டே போகும். தாய்லாந்தோ 2024 ஜூலையில் 93 நாட்டவருக்கு விசாவே இல்லாமல் 60 நாள் என்று கதவைத் திறந்தது. இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்ப்பவர் எதை அழுத்துவார்?

வந்த பிறகும் வேலை இருக்கிறது. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை (சி படிவம் என்று நாங்கள் பழகிய பெயர்) இணையத்தில் ஏற்ற வேண்டும். லாட்ஜானாலும் ஹோம்ஸ்டேயானாலும் இது கட்டாயம். மதுரையிலிருந்து டாக்சியில் இரவு ஒன்பதரைக்கு வந்து இறங்குகிறார்கள். மழை, கரண்ட் இல்லை, நெட் சுற்றுகிறது. பாஸ்போர்ட் எண், விசா எண், எந்த விமான நிலையத்தில் இறங்கினார், நேற்று எங்கே தங்கினார், நாளை எங்கே போகிறார், ஒரு போட்டோ. டார்ச் வெளிச்சத்தில் அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுகிறார், நான் செல்போனில் தட்டுகிறேன், சோறு ஆறுகிறது. பாதுகாப்புக்கு இது தேவை, மறுக்கவில்லை. ஆனால் விமான நிலையத்தில் ஏற்கெனவே பதிந்த விவரத்தையே நான் மறுபடி தட்ட வேண்டியிருப்பது ஏன் என்று யாராவது யோசிக்கலாம்.

நம் பக்கம் வந்துசேரும் வழி எப்படி?

மதுரை விமான நிலையமும் கொச்சி விமான நிலையமும் குமுளியிலிருந்து ஏறக்குறைய சம தூரம். கொச்சியிலிருந்து மலை ரோட்டில் நாலைந்து மணி நேரம். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் கொச்சிக்கு வருவதால் பயணத் திட்டமும் கொச்சியிலிருந்தே தொடங்குகிறது: கொச்சி, மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, மறுபடி கொச்சி. தமிழ்நாட்டுப் பக்கம் அந்த வட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை ரயில் வந்தது பெரிய விஷயம். குமுளி மலையடிவாரத்து லோயர்கேம்ப் வரை பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை, இன்னும் கோரிக்கைதான். டாக்சிக்கு மாநில எல்லையில் பெர்மிட், வரி என்று டிரைவர் இறங்கிப் போனால், பின் சீட்டில் இருப்பவருக்கு ஒரு நாட்டுக்குள் ஏன் இன்னொரு எல்லை என்று புரிவதில்லை. ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு நிற்காமல் போய்ப் பழகியவர்கள் அவர்கள்.

மலை ஒன்றுதான். ஆனால் பணம் மட்டும் ஏன் குமுளிப் பக்கமே தங்குகிறது?

கம்பத்துக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாடு நாடாகப் போட்டித்திறனை அளப்பதைவிட இந்த ஒரு மலையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

மலைக்குக் கீழே என்ன குறை? கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருளி அருவி இருக்கிறது, மேகமலை இருக்கிறது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்குக்கு லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. வெள்ளைக்காரருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

இப்போது நடப்பதைப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் குமுளியிலிருந்து ஜீப் கிளம்புகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் திராட்சைத் தோட்டத்துக்கு வருகிறது. பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஒரு கிளாஸ் ஜூஸ் குடிக்கிறார்கள், இரண்டு கொத்து வாங்குகிறார்கள். மாட்டு வண்டி பார்த்தால் இன்னொரு போட்டோ. மதியச் சாப்பாட்டுக்கு ஜீப் மேலே ஏறிவிடுகிறது. ஜீப் வாடகை, சாப்பாடு, மாலையில் களரிப்பயிற்று டிக்கெட், ஆயுர்வேத மசாஜ், ராத்திரிக்கு அறை எல்லாம் மேலே. ஜூஸும் இரண்டு கொத்தும் கீழே. ஆள் எங்கே ராத்திரி தூங்குகிறாரோ அங்கேதான் பணமும் தூங்கும். இந்தத் தொழிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஏன் மேலே தூங்குகிறார்? கேரள அரசு 1986-இலேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1989-இல் "கடவுளின் சொந்த நாடு" என்ற முழக்கம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஆட்சி மாறியது! முழக்கத்தை யாரும் மாற்றவில்லை. ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்தார்கள். முகம் தெரியாத வீட்டில் தங்கத் தயங்கும் ஆளுக்கு அது ஒரு உத்தரவாதம். 2008-இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தைக் கோவளம், குமரகம், வயநாடு, தேக்கடி என்று நான்கு இடத்தில் தொடங்கினார்கள்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்தவர்களையும் வேட்டைக்காரர்களையும் 1990-களில் கூப்பிட்டுப் பேசி, சூழல் மேம்பாட்டுக் குழுக்களாக்கி, மலையேற்ற வழிகாட்டிகளாக மாற்றினார்கள். வனத்துறைக்குக் காவல் கிடைத்தது, அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, பயணிக்கு உலகில் வேறெங்கும் கிடைக்காத வழிகாட்டி கிடைத்தான். எந்தத் தடத்தில் எந்த மிருகம் எத்தனை மணிக்குப் போகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இதை வியட்நாம் பார்த்து நகல் எடுக்க முடியாது.

நம் பக்கத்தில் இப்படி முப்பது வருஷம் விடாமல் பிடித்த பிடி இல்லை. மேகமலைக்கு வெளிநாட்டவரை அனுப்ப நினைத்தால், அனுமதி உண்டா, ரோடு திறந்திருக்கிறதா, எங்கே தங்குவது என்று நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். குமுளி ஹோட்டல்களுக்குக் காய்கறியும் பூவும் கம்பம், சின்னமனூர் பக்கமிருந்து மேலே ஏறுகின்றன. ஜீப் ஓட்டுபவர்களில், கடையில் நிற்பவர்களில், சமையலறையில் இருப்பவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். மேலே சீசன் படுத்தால் கீழே மளிகைக் கடையில் பாக்கி ஏறும்.

பாதுகாப்பும் சுத்தமும் எவ்வளவு முக்கியம்?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இன்று படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிவிட்டுத்தான் கிளப்புகிறார்கள். "வேண்டாம்ப்பா, வியர்க்குது" என்று கழற்றும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கழிவறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? மதுரையிலிருந்து வரும் வழியில் ஒரு பெண் இறங்கிப் போகக்கூடிய சுத்தமான இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தனியாக வரும் பெண்கள் அதிகமாகி வருகிறார்கள். அவர்கள் எழுதும் விமர்சனத்தில் ஏரிக்கு ஒரு வரி, பேருந்து நிலையத்தில் முறைத்துப் பார்த்த ஆளுக்கு ஒரு பத்தி.

வெளிநாட்டவர் யானை சவாரி கேட்பதே இல்லையே, ஏன்?

நம் ஊர்க் குடும்பங்கள் கேட்கின்றன, வெளிநாட்டவர் கேட்பது குறைந்துவிட்டது. 2016-இல் டிரிப்அட்வைசர் யானை சவாரிக்கு டிக்கெட் விற்பதை நிறுத்தியது. ஐரோப்பியப் பயண நிறுவனங்கள் பலவும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. சட்டம் நம் ஊரில் மாறாவிட்டாலும் சந்தையின் விதி அங்கே மாறிவிடுகிறது. காட்டில் நடந்துபோய் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு அவர்கள் இன்னும் கூடுதல் பணம் கொடுக்கத் தயார்.

கூட்டம் பெருகினால் போட்டித்திறனும் பெருகியதாகத்தானே அர்த்தம்?

இல்லை. பகல் பயணிகளைச் சமாளிக்க முடியாமல் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டது. பூட்டான் ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் வாங்குகிறது. நம்மிடமே 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். வரையாடு குட்டி போடும் காலத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுகிறார்கள். வியாபாரிகள் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் அந்த ஆட்டைப் பார்க்கத்தானே ஆள் வருகிறான்?

நாலு அறை வைத்திருக்கும் நான் என்ன செய்ய முடியும்?

விசாவையும் விமானத்தையும் நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். கொச்சியிலிருந்து "மூன்று மணி நேரம்" என்று எழுதாதீர்கள். ஐந்து என்று எழுதி நாலரையில் வந்துசேரட்டும். மழைக் காலத்தில் அட்டை கடிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டு அட்டைக் காலுறை கொடுங்கள். அறையில் இல்லாத ஜன்னலைப் போட்டோவில் காட்டாதீர்கள். முன்பதிவுத் தளங்கள் 15 சதவீதமும் அதற்கு மேலும் கமிஷன் எடுக்கும். அதைத் திட்டுவதைவிட, வந்தவர் அடுத்த முறை நேராகப் போன் செய்யும்படி நடந்துகொள்வது லாபம். மசாலாக் கடைக்கு அழைத்துப் போய் அங்கே கமிஷன் வாங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்று கிடைக்கும் நூறு ரூபாய், நாளை "இங்கே ஏமாற்றுகிறார்கள்" என்று மூன்று மொழியில் இணையத்தில் நிற்கும்.

அடுத்து வரப்போகும் பெரிய வாய்ப்பு எது?

குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் மூணாறு மலைகளில் பூத்தபோது, ஆகஸ்டு வெள்ளத்தில் ரோடுகள் அடித்துக்கொண்டு போயின; பார்க்க வர இருந்தவர்களில் பலரால் வரமுடியவில்லை. அடுத்து 2030. வெளிநாட்டில் செடி கொடி பார்ப்பதற்கென்றே பயணம் போகும் கூட்டம் இரண்டு வருஷத்துக்கு முன்பே தேதி கேட்கும். போடிமெட்டு வழியாக நம் பக்கமிருந்தும் அங்கே ஏறலாம், போடிக்கு ரயிலும் இருக்கிறது. கேரளச் சுற்றுலாத் துறையும் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஒரே டிக்கெட், ஒரே பெர்மிட், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற முன்பதிவு முறையை 2028-க்குள் அறிவித்துவிட்டால், போடியிலும் கம்பத்திலும் ராத்திரி தங்க ஆள் இருப்பார்கள்.